கரையில் மாற்றுப் புடவைகளோடு

நெம்மேலிக் கடற்கரையில் அம்மா மற்றவர்களின் புடவைகளைச் சுமந்துகொண்டு நிற்பாள். பொங்கல் முடிந்து வரும் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் எங்கள் சபையார் எல்லோரும் கடலுக்குப் போவார்கள். அந்த வருஷம் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கத் தீர்மானித்தவர்கள் வெள்ளைப் புடவையும் வெள்ளை வேட்டியுமாக வரிசையில் நிற்பார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பாஸ்டர் நிற்பார். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அழைத்துப்போய், அலை கொஞ்சம் ஓயும் நேரம் பார்த்து, மல்லாக்கச் சாய்த்து ஒரு முழுக்கு முழுக்கித் தூக்குவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல் தந்தியடிக்க அவர்கள் கரையேறும்போது உலர்ந்த புடவையை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை அம்மாவுடையது. இரண்டு கைகளிலும் மடிப்பு மடிப்பாகப் புடவைகள் தொங்கும். எது யாருடையது என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள், ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. அலை ஏறி வரும்போது மட்டும் சட்டென்று பின்னால் நகர்ந்துவிடுவாள். அம்மாவுக்குக் கடல் என்றால் பயம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். கேட்டதற்கு, செருப்பு நனைந்துவிடும் என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கலாமே என்று திருப்பிக் கேட்கிற புத்தி அப்போது எனக்கு வரவில்லை.

அம்மா சபைக்குப் போக ஆரம்பித்தது அப்பா படுத்த பிறகு. அப்பா அணுபுரம் குடியிருப்பில் காண்ட்ராக்டில் தோட்ட வேலை பார்த்தவர். ஆடி மாதம் எங்கள் காலனி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் ஆளாக நிற்பவர். ஈரல் கெட்டுப்போய் அவர் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்தக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சாத்துக்குடி வைத்துவிட்டுப் போனார்கள். சபைப் பெண்கள்தான் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து கஞ்சி கொடுத்தார்கள், துணி துவைத்தார்கள், கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அப்பா பிழைக்கவில்லை. அவர் போன பிறகு அந்தப் பெண்கள் எங்கே உட்கார்ந்தார்களோ அங்கேயே அம்மாவும் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு தகரக் கொட்டகை, சத்தம் போடும் இரண்டு ஃபேன், ஒரு பழைய ட்ரம்ஸ். புதுவருஷ ஆராதனையில் வீட்டுக்கொரு வாக்குத்தத்த அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வார்கள். அதில் இருக்கும் வசனம் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு. அம்மா அதை வாசலுக்கு நேரே சுவரில் மாட்டிவைப்பாள். எனக்கு நல்ல மார்க் வந்தாலும், தொலைந்த சாவி கிடைத்தாலும், கேஸ் சிலிண்டர் நேரத்துக்கு வந்தாலும் அவள் வாயில் வருகிற வார்த்தை ஒன்றுதான், சபையார் கர்த்தருக்கு நன்றி சொல்கிற அந்த வார்த்தை: "ஸ்தோத்திரம்."

ஆனால் முழுக்கு மட்டும் எடுக்கவில்லை. பாஸ்டர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார், அம்மா ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்பாள். காரணம் நான். எங்கள் காலனியில் எல்லோரிடமும் இருப்பது இந்து என்று போட்ட பட்டியல் சாதிச் சான்றிதழ். கிறிஸ்தவராக மாறிவிட்டால் அது செல்லாது. படிப்புக்கும் வேலைக்கும் உதவித்தொகைக்கும் வேறு வரிசையில் போய் நிற்க வேண்டும். சபைக்குப் போகலாம், பாடலாம், அழலாம்; கடலில் முழுகி எழுந்தால்தான் மாறியதாக அர்த்தம் என்று காலனியில் பேசிக்கொள்வார்கள். அது சட்டம் சொல்வதா, எங்கள் பயம் சொல்வதா என்று யாருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயம். இன்ன ஆபீசில் போய்க் கேட்டாள் என்று தெரிந்தாலே கதை முடிந்தது அல்லவா? எங்கள் பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் முன்பே இரண்டு பதில்கள் தெரியும், வீட்டில் சொல்வது ஒன்று, பள்ளிக்கூடத்தில் சொல்வது ஒன்று. எங்கள் முன்னோர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டு நிறுத்தவில்லை. உள்ளே வர ஒரு தாள் கொடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அப்போது கோபம் வரவில்லை, பயம்தான் இருந்தது.

நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் ஆலை வந்ததும் அம்மா அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாலையில் வீடு திரும்பும்போது அவள் சேலையில் பினாயில் வாசனையும் உப்பு வாசனையும் கலந்து வரும். அந்த மதிலுக்குள்ளே உப்பு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தேன். உப்பை வடிகட்டும் சவ்வுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அதை ஆழமாகச் சொல்லித்தரும் இடங்கள் கடல் கடந்து இருப்பது தெரிந்தது. நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் என் மனத்தில் உட்கார்ந்துகொண்டது. அதன் கட்டணத்தை ஃபோனில் பார்த்துவிட்டு, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பார்த்துச் சிரித்திருப்பாரோ என்று திரையை அணைத்தேன். ஓ.எம்.ஆர். ரோட்டில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்லும் கண்ணாடிக் கதவு ஆபீஸ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் நுழைந்தேன். ஏசியும் காபியும் நன்றாக இருந்தன. அடமானம் வைக்க வீட்டுப் பத்திரம் உண்டா என்று அந்தப் பெண் மிக மரியாதையாகக் கேட்டாள். அரசு கொடுத்த மனைப்பட்டா உண்டு என்றேன். அதை அடமானமாக வங்கி எடுக்காது என்று சொல்லி, புன்னகை மாறாமலே ஃபைலை மூடிவிட்டாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் மேல்படிப்புப் படிக்க அரசே முழுச் செலவையும் கொடுக்கும் உதவித்தொகை ஒன்று இருப்பதைக் கல்லூரி நூலகத்துக் கம்ப்யூட்டரில் தற்செயலாகத்தான் பார்த்தேன். முதலில் நம்பவில்லை, ஏமாற்று வேலை என்று நினைத்தேன். பிறகு அது உண்மை என்று தெரிந்ததும் பயம் இன்னும் கூடியது. பொய்யாக இருந்தால் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இப்போது விட்டால் விட்டது நான்தான் என்றாகிவிடும். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும், ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், பேராசிரியர்களின் பரிந்துரை வேண்டும், ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை வேண்டும். கட்டுரையில் அம்மாவின் சேலை வாசனையை எழுதினேன், அழித்தேன், மறுபடியும் எழுதினேன். பரிந்துரை கேட்டு நின்றபோது எங்கள் துறைத்தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, போனால் திரும்பி வருவாயா என்றார். வருவேன் சார் என்றேன். போவேனா என்பதே தெரியாதபோது திரும்புவதைப் பற்றி எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகு திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தற்காலிகமாகத் தேர்வாகியிருப்பதாகச் செய்தி வந்தது. சாதிச் சான்றிதழை உள்ளூரில் நேரில் விசாரித்து உறுதிசெய்த பிறகே இறுதி முடிவு என்று அடியில் ஒரு வரி இருந்தது. மேலே இருந்த நல்ல செய்தியை நான் படித்தேன், அடியில் இருந்த வரியை அம்மா படித்தாள். ஆங்கிலம் தெரியாதவள், என்னைத் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தே படித்தாள். விசாரணையில் எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு என்று எழுதிவிட்டால் உதவித்தொகை போகும். அதோடு நிற்குமா, இருக்கிற சான்றிதழையே ரத்து செய்வார்களா, இதுவரை அதைக் காட்டிப் படித்த படிப்புக்கு என்ன சொல்வார்கள்? காலனியில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். யாராவது மொட்டைக் கடிதாசி போட்டால் நேரே கலெக்டர் வரை போகும் என்று ஒருவர் சொன்னார். அதன் பிறகு தெருவில் யார் சிரித்தாலும் அம்மாவுக்குச் சந்தேகம். தண்ணீர்க் குழாயடியில் முன்பு சண்டை போட்டவள், இப்போது தன் குடத்தைத் தானே நகர்த்தி வழிவிட்டாள். எங்கள் தெருவில் யாரும் அவளுக்குக் கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் பயந்தவளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

கிராம நிர்வாக அலுவலகத்தில் தலையாரியாக இருந்தவர் அப்பாவுக்குப் பழக்கம். அவர்தான் ஃபோன் செய்தார். "ஆர்.ஐ. அம்மா எப்ப வேணா வருவாங்க. வூட்டக் கொஞ்சம் பாத்துக்கோ," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வருவாய் ஆய்வாளரை நாங்கள் ஆர்.ஐ. என்போம். அம்மா உடனே சுவரிலிருந்த வாக்குத்தத்த அட்டையைக் கழற்றினாள். வேதாகமத்தைத் துணியில் சுற்றி அரிசி ட்ரம்முக்குள் வைத்து மேலே அரிசியைப் பரப்பினாள். கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினாள், அது பாதிதான் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டிக் கொடுத்தாள். அதே அக்கா கோயிலிலிருந்து காகிதத்தில் மடித்துத் துன்னூறு கொண்டுவந்தாள். புருஷன் போனதால் நெற்றியில் பொட்டு இல்லாததை யாரும் கேட்க மாட்டார்கள், அந்த மட்டும் நல்லது என்று அவள் சொன்னபோது அம்மாவே சிரித்துவிட்டாள். அப்பா செத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு உதவியது. பிறகு அம்மா ஸ்டூலில் ஏறி, வெறுமனே இருந்த அப்பாவின் படத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். அன்று அந்த வீட்டில் செய்த காரியங்களில் உண்மையானது அது ஒன்றுதான். அவர் கும்பிட்டது மாரியாத்தாளைத்தான்.

சுவரில் ஆணி மட்டும் நின்றது. சாமிக்குப் பயந்தவள் சாமியையே ஒளித்து வைக்கிறாளே என்று பொறுக்காமல் கேட்டுவிட்டேன். அம்மா அரிசி ட்ரம்மின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே சொன்னாள். "நான் எங்கடி ஒளிச்சேன்? அவுரு பாத்துகினுதான் கீறாரு. ஆர்.ஐ. பாக்க வாணாம், அவ்ளோதான்."

அன்றிலிருந்து ஒத்திகை நடந்தது. நான் ஆர்.ஐ.யாக நாற்காலியில் உட்காருவேன், அம்மா எதிரில் நிற்பாள். இன்னா சாமி கும்பிடுவீங்க என்று கேட்பேன், மாரியாத்தா என்பாள். எந்தக் கோயில், எந்த மாசம் திருவிழா, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பேன். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்வாள். ஏன் சொல்ல மாட்டாள், கல்யாணமாகி வந்த நாள் முதல் அப்பாவோடு சேர்ந்து செய்ததுதானே. கேள்விகள் முடிந்ததும் போய் அடுப்பைப் பார்ப்பாள். ஆலைக்கு வேலைக்குப் போகும்போதும் நெற்றியில் நீறு பூசிக்கொண்டு போனாள், பாதி வழியில் துடைத்துக்கொண்டாள். வருவார்கள் வருவார்கள் என்று காத்திருந்ததில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். பால்காரர் ஒருமுறை, எனக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆர்.ஐ. வந்தது ஒரு நடுப்பகலில், வேகாத வெயிலில், ஸ்கூட்டியில். அம்மா வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. தலையாரி பின்னால் நின்றார், எங்களைத் தெரியாதவர் போல. நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா கேட்டதெல்லாம் நாங்கள் ஒத்திகை பார்த்த கேள்விகள்தான். தாத்தா யார் நிலத்தில் வேலை செய்தார், எந்தப் பள்ளியில் படித்தேன், என்ன சாமி கும்பிடுகிறீர்கள். அம்மா தடுமாறவில்லை. ஒரே ஒரு கேள்வி நாங்கள் எதிர்பாராதது: வீட்டுக்காரருக்குக் காரியம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அம்மா சொன்னாள். பறை அடித்துத் தூக்கிப்போனது, கொள்ளிக்குடம் உடைத்தது, பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்த கருவாட்டுக்குழம்பு வைத்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். அதில் நடிப்பு ஒன்றுமில்லை. ஆர்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் படத்தைப் பார்த்தார்கள், பிறகு மளமளவென்று எழுதி முடித்தார்கள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஃபைலை மூடிக்கொண்டு அந்த அம்மா எழுந்தார்கள். என்னைப் பார்த்து, நன்றாகப் படித்துவிட்டு வா, இந்தத் தெருவிலிருந்து இன்னும் பல பெண்கள் போக வேண்டும் என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து அப்படியொரு நல்ல வார்த்தை வரும் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. நல்ல வார்த்தைக்கு அவள் வாயில் எப்போதும் வருகிற பதில் தானாக வந்துவிட்டது.

"ஸ்தோத்திரம்."

தலையாரி தரையைப் பார்த்தார். அம்மாவின் முகம் செத்துப்போனது. வாயைப் பொத்திக்கொள்ளக் கை எழுந்து, அதுவும் தப்பாகிவிடும் என்று பாதியிலேயே நின்றது. ஆர்.ஐ. என் அம்மாவைப் பார்த்தார்கள். சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தார்கள். மறுபடியும் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்கள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்கள். நான்தான் கொண்டுவந்தேன். நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்கள். "நெத்தியில வேர்த்துக் கலைஞ்சிருக்கு பாருங்கம்மா. தொடச்சிக்கோங்க," என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வியர்வையைத் துடைக்கச் சொன்னார்களா, நீற்றைத் துடைக்கச் சொன்னார்களா? இனி வேஷம் வேண்டாம் என்றார்களா, எனக்கு எல்லாம் தெரியும் என்றார்களா? பாவம் பார்த்துச் சொன்னது என்பேன் நான். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னதுதான் அது என்பாள் அம்மா. தலையாரியைக் கேட்டால், ஃபைலில் என்ன எழுதினார்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கையை விரித்தார். அம்மா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "உன் படிப்ப நானே தின்னுட்டேன்டி," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இல்லைமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் பயந்துகொண்டிருந்தேன். அதை இங்கே மறைப்பதற்கில்லை.

அந்த வாரத்திலிருந்து அம்மா சபைக்குப் போகவில்லை. அட்டை திரும்பச் சுவருக்கு வரவில்லை, வேதாகமம் அரிசிக்குள்ளேயே கிடந்தது. சோறு வடிக்க அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்படும். அப்படியே ஓரமாக நகர்த்திவிட்டு அள்ளுவாள். பாஸ்டர் விசாரிக்க வந்தபோது வீட்டுக்குள் கூப்பிடாமல் தெருமுனையில் வைத்தே பேசி அனுப்பினாள். அவர் போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கொட்டகையின் ட்ரம்ஸ் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அந்த நேரம் பார்த்து அம்மா பாத்திரம் தேய்ப்பாள்.

இறுதி முடிவு வந்த அன்று நான் கல்லூரியில் இருந்தேன். தேர்வாகிவிட்டேன். சான்றிதழ் சரி என்று விசாரணை அறிக்கை வந்திருந்தது. ஏன், எப்படி என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆர்.ஐ. அம்மாவை நான் பிறகு பார்க்கவேயில்லை. உடனே ஃபோன் போட்டேன். ஆலையின் மோட்டார் சத்தத்துக்கு நடுவே அம்மா எடுத்தாள். கிடைச்சிடுச்சும்மா என்றேன். "ஸ்..." என்று ஆரம்பித்தாள். அதோடு நின்றாள். "சரி," என்றாள். "யார்கிட்டயும் சொல்லாத." எத்தனையோ பேர் வீட்டில் மேளம் வைக்காத குறையாகக் கொண்டாடியிருப்பார்கள். நான் கல்லூரிக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று என் தோழி நினைத்துக்கொண்டாள்.

நெதர்லாந்தில் நான் இருந்த ஊரில் மாதா கோயில் மணி மணிக்கொருதரம் அடித்தது, உள்ளே போகத்தான் ஆள் இல்லை. ஒரு கோயிலைப் புத்தகக் கடையாக மாற்றியிருந்தார்கள். பீடம் இருந்த இடத்தில் காபி விற்றார்கள். அம்மா பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே அந்தக் காபியைக் குடித்தேன். விடுதிச் சமையலறையில் ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உடன்படிக்கும் பெண் ஒருத்தி, உன் மதம் என்ன என்று சாதாரணமாகக் கேட்டாள். என் கை நின்றது. இந்து என்று சொல்லிவிட்டு, கோயில் பெயர், திருவிழா மாதம் எல்லாம் ஒப்பித்தேன். இவ்வளவு விவரம் சொல்கிறாயே, உனக்குப் பக்தி அதிகமோ என்று அவள் ஆச்சரியப்பட்டாள். வீட்டிலிருந்து நேரமில்லாத நேரத்தில் ஃபோன் வந்தால், யாரோ மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டார்கள், பணம் நிற்கப்போகிறது, திரும்பி வரச் சொல்வார்கள் என்றுதான் முதலில் தோன்றும். எடுத்தால் அம்மா, சாப்பிட்டியா என்பாள். வீடியோவில் அவளுக்குப் பின்னால் அந்தச் சுவர் தெரியும். ஆணியையும் பிடுங்கியிருந்தாள்.

படிப்பை முடித்தேன், சொன்னபடி திரும்பியும் வந்தேன். துறைத்தலைவர் இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன், அவர் ஓய்வு பெற்றுவிட்டார். தண்ணீர் சுத்திகரிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை, படூரில் அடுக்குமாடியில் வீடு, என்னைப்போலவே காலனியிலிருந்து படித்து வந்த கணவர், இப்போது பள்ளியில் சேர்க்கும் வயதில் ஒரு பெண் குழந்தை. நான் வந்து வேலையில் நிலைத்த பிறகுதான் அம்மா மெல்லச் சபைக்குப் போக ஆரம்பித்தாள், அதுவும் கடைசி வரிசையில், செருப்புக்குப் பக்கத்தில். என் காதுபட அந்த வார்த்தையை மட்டும் அவள் சொல்லவே இல்லை. நல்ல செய்தி எது சொன்னாலும் சரி என்பாள். என் குழந்தை பிறந்ததற்கும் சரிதான்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நானே அம்மாவையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு நெம்மேலிக்குப் போனேன். வழியெல்லாம் அம்மாவிடம் பேசிக்கொண்டே போனேன். என் படிப்பு முடிந்தது, வேலை இருக்கிறது, இனி யார் வந்து என்ன கேட்கப்போகிறார்கள், இத்தனை வருஷம் மற்றவர்களுக்குப் புடவை பிடித்தது போதும், இன்றைக்கு நீ இறங்கு என்றேன். அம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கடற்கரையில் இறங்கிச் செருப்பைச் சரிசெய்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பாப்பாக்கு சர்ட்டிபிகேட் வாங்கிட்டியா?"

இல்லை. இனிமேல்தான் எழுதிப்போட வேண்டும். விசாரணைக்கு வருவார்களோ மாட்டார்களோ, வந்தால் பாட்டியைப் பற்றிக் கேட்பார்களோ மாட்டார்களோ. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வெள்ளைப் புடவைக்காரிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் மாற்றுப் புடவையை அவள் கைகளில் அடுக்கிவிட்டுப் போனார்கள். அவள் இறங்கப்போவதில்லை என்று தெரிந்ததும் எனக்குள் ஏதோ தளர்ந்தது. அது நிம்மதி என்று புரிந்தபோது உடம்பெல்லாம் கூசியது. அவளைப் பிடித்திருந்த பயம் எப்போதோ எனக்குள் குடிவந்துவிட்டிருந்தது.

பெரியவர்கள் எல்லோரும் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், என் கையை உதறிவிட்டுக் கடலை நோக்கி ஓடினாள். சிரித்துக்கொண்டே, நேராக, பாஸ்டர் நிற்கும் இடத்துக்கு. கரையில் ஓர் இளைஞன் எல்லாவற்றையும் ஃபோனில் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தது அந்த ஃபோனைத்தான். அம்மா புடவைகளை அப்படியே மணலில் போட்டுவிட்டு ஓடினாள். அலை வந்தால் பின்னால் நகர்கிறவள், செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி, முழங்கால், இடுப்பு என்று ஏறிய தண்ணீரில் குழந்தையைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினாள். அப்போது ஒரு பெரிய அலை வந்து அம்மாவைத் தலையோடு மூடிவிட்டு விலகியது. குழந்தை மேலே கைகொட்டிச் சிரித்தது. உச்சி முதல் கால்வரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கரையேறிய அம்மா குழந்தையை என் கையில் திணித்தாள்.

"போட்டோ புடிச்சிட்டானா பாரு."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்த இளைஞனிடம் போனேன். தெரிந்த பையன்தான், சபையில் கீபோர்டு வாசிப்பவன். அம்மா முகமும் குழந்தை முகமும் விழுந்திருந்ததை அழிக்கச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை, அவன் வீட்டிலும் அதே சான்றிதழ்தான். என் கண் முன்னாலேயே அழித்தான். திரும்பி வந்து, அழிச்சிட்டான்மா என்றேன்.

"ஸ்தோத்திரம்," என்றாள் அம்மா.

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அதை அவள் வாயால் கேட்டேன். அவளுக்குப் பல் தந்தியடித்தது. நான் மணலில் மண்டியிட்டு, அவள் போட்டுவிட்டு ஓடிய புடவைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாம் மற்றவர்களுடையவை. அம்மா தனக்கென்று ஒன்று கொண்டுவந்திருக்கவில்லை.